கைக்கு வருவது 112,775, வீட்டில் ஐந்து கடன்: எதை முதலில் அடைப்பது?

மேல்கொத்மலை

வணக்கம். எங்கள் வீடு தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில். வயது 25. கொழும்பில் ஒரு சரக்குக் கம்பனியின் கணக்குப் பிரிவில் மூன்று வருடமாக வேலை. அடிப்படைச் சம்பளம் 90,000, கொடுப்பனவுகள் 30,000. சேமலாப நிதிக்கு (ஈபிஎஃப்) 7,200, முத்திரைக்கு 25 போக 112,775 கைக்கு வருகிறது. கேட்பவர்களுக்குப் பெரிய தொகைதான். தோட்டத்திலும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

போகிற வழியைச் சொல்கிறேன். சாப்பாட்டோடு போர்டிங் 32,000. பஸ், ரயில் 8,000. வீட்டுக்கு 25,000. தம்பி ஓடுகிற மோட்டார் சைக்கிளின் லீசிங் என் பெயரில் இருக்கிறது, மாதம் 17,500. கிரெடிட் கார்டில் 140,000 நிற்கிறது, குறைந்தபட்சத் தொகை 7,000 மட்டும் கட்டுகிறேன். அம்மா எடுத்த குழுக்கடன் வாரம் 1,800. போன வருடம் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது போன் வழியாக எடுத்த ஒன்லைன் லோன் 20,000. அதற்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 3,000 கட்டி நாளைத் தள்ளிக்கொண்டு போகிறேன். இது போக தங்கச்சியின் இரண்டு பவுண் சங்கிலி அடகில். மாசக் கடைசியில் ஒன்பதாயிரம்போல மிஞ்சும். கல்யாணம், திருவிழா என்று ஏதாவது வந்தால் அதுவும் இல்லை.

இப்போது இரண்டு விஷயம் ஒன்றாக வந்து நிற்கிறது. கம்பனியில் பதவி உயர்வு, மொத்தம் 165,000. ஆனால் 150,000ஐத் தாண்டினால் வரி வெட்டுவார்கள், கையில் வருவது இப்போதையதைவிடக் குறைந்துவிடும் என்று கூட வேலை செய்பவர் சொல்கிறார். மற்றது, மாமா ஓட்டோ ஒன்று லீசிங்கில் எடுக்கப் போகிறார். என்னைப் பிணை கையெழுத்துப் போடச் சொல்கிறார். குடும்பத்தில் சம்பளச் சீட்டு உள்ள ஆள் நான் ஒருவன்தான்.

உயர்வை ஏற்கலாமா? எந்தக் கடனை முதலில் முடிப்பது? மாமாவுக்கு என்ன சொல்வது?

பிளேன்டீ

மச்சான், வரிக்குப் பயந்து சம்பள உயர்வை வேண்டாம் என்று சொல்கிற முதல் மலையகத்தான் நீதான். உன் கூட வேலை செய்கிறவர் அந்தப் பதவிக்குத்தான் விண்ணப்பம் போட்டிருக்கிறாரா என்று ஒருமுறை பார்.

கணக்கப்பிள்ளை மகள்

ஹட்டனில் ஒரு வங்கியின் கடன் பிரிவில் இருக்கிறேன். எந்த வங்கி என்று கேட்காதீர்கள், இங்கே எழுதுவது என் சொந்தக் கருத்து.

தம்பி, முதலில் வரி. பயப்பட ஒன்றுமே இல்லை. 2023 ஜனவரியில் வருமான வரியை மாற்றியபோது மாதம் 100,000 வரைதான் விலக்கு. 2025 ஏப்ரல் முதல் அது 150,000, அதாவது வருடத்துக்கு 18 இலட்சம். அதற்கு மேலே உள்ள தொகைக்குத்தான் வரி. முழுச் சம்பளத்துக்கும் இல்லை. இதைத்தான் நிறையப் பேர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். 150,000க்கு மேலே முதல் 83,333 ரூபாய்க்கு 6 சதவீதம். அதற்கு அப்புறம் 18, 24, 30, கடைசியில் 36 என்று ஏறும்.

உங்களுடையது 165,000. விலக்குக்கு மேலே 15,000. அதில் 6 சதவீதம் 900 ரூபாய். மாதம் 45,000 கூட வரும்போது 900 ரூபாய் வரி, அவ்வளவுதான். 240,000 எடுக்கிறவருக்கே மாதம் 6,200தான் வரும்: 83,333க்கு 5,000, மிச்சம் 6,667க்கு 18 சதவீதப்படி 1,200. ஒன்றை மட்டும் கவனியுங்கள். சேமலாப நிதிக்கு வெட்டுகிற 8 சதவீதத்தைக் கழித்துவிட்டு வரி பார்க்க மாட்டார்கள், மொத்தச் சம்பளத்தில்தான் பார்ப்பார்கள். போனஸ் வந்தால் அதற்கும் வரி உண்டு. வருட முடிவில் கம்பனியிடம் டி 10 சான்றிதழைக் கேட்டு வாங்கி வையுங்கள். எவ்வளவு சம்பளம், எவ்வளவு வரி வெட்டினார்கள் என்று அதில் இருக்கும்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கூடுகிற 45,000இல் அடிப்படைச் சம்பளத்தில் எவ்வளவு, கொடுப்பனவில் எவ்வளவு? சில இடங்களில் அடிப்படையை அப்படியே விட்டுவிட்டு, கூட்டுவதையெல்லாம் பயணப்படி, போன்படி என்று போடுவார்கள். கைக்கு வருகிற காசு ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் அடிப்படை 90,000 என்றால் உங்கள் 8 சதவீதம் 7,200, கம்பனியின் 12 சதவீதம் 10,800, ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு (ஈடிஎஃப்) அவர்கள் கட்டுகிற 3 சதவீதம் 2,700. அடிப்படை கூடாவிட்டால் இந்த மூன்றும் கூடாது. ஐந்து வருடம் முடித்தால் கிடைக்கிற பணிக்கொடையும் கடைசிச் சம்பளத்தில் வருடத்துக்கு அரை மாதம் என்று கணக்கு. கடிதத்தில் கையெழுத்து வைக்க முதல் இதைக் கேளுங்கள்.

கடன்களைப் பற்றி இரவு எழுதுகிறேன், இப்போது கவுண்டரில் கூட்டம்.

ஹப்புத்தளைக் காற்று

அக்கா வரியைச் சொல்லிவிட்டார். நான் ஒன்லைன் லோனைச் சொல்கிறேன். இரண்டு வாரத்துக்கு 3,000 என்றால் வருடத்துக்கு 78,000. வாங்கியது 20,000. நூற்றுக்கு 390 வட்டி! அதுவும் முதல் அப்படியே நிற்கிறது. இந்த ஒரு கடனை விட்டுவிட்டு வேறு எதைப் பற்றிப் பேசினாலும் பிரயோசனம் இல்லை. கம்பனியில் சம்பள முற்பணம் 20,000 கேட்டு வாங்கி நாளைக்கே அடைத்துவிடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் அவர்கள் வெட்டிக்கொள்ளட்டும், வட்டி இல்லை.

ராகலைக்காரி

கட்டி முடித்ததும் அந்த ஆப்பை அழிப்பதோடு விடாதீங்க. போனில் தொடர்பு எண்கள், படங்கள் பார்க்கக் கொடுத்த அனுமதியையும் எடுத்துவிடுங்க. என்னோடு போர்டிங்கில் இருந்த தங்கச்சி ஒருத்தி ஒரு தவணை பிந்தினதுக்கு அவளுடைய சூப்பர்வைசருக்கும் பெரியம்மாவுக்கும் கோல் போனது. கட்டின ரசீது, கடன் முடிந்தது என்ற செய்தி, எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைங்க.

பழைய தலைவர்

தம்பி மேல்கொத்மலைக்கு. தோட்டத்தில் 30 வருடத்துக்கு மேல் தொழிற்சங்க வேலை பார்த்தவன். மாமாவின் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், மற்றதைப் படித்த பிள்ளைகள் சொல்வார்கள்.

நம் பூட்டன்மார் காலத்தில் துண்டு என்று ஒன்று இருந்தது. ஒரு தொழிலாளி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டும் என்றால், அவன் பேரில் உள்ள கடனைத் தீர்த்தால் விடுகிறோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் காகிதம் அது. பெரிய கங்காணி கொடுத்த முற்பணம், கப்பல் செலவு, அரிசிக் காசு எல்லாம் அதில் ஏறும். அடுத்த தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுக்கும், கடன் மட்டும் ஆளோடு சேர்ந்தே போகும். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், இன்றைக்கு சம்பளச் சீட்டு உள்ள பிள்ளைகளின் தலையில் வீடே தன் கடனை ஏற்றிவிடுகிறது. உன் கணக்கைப் பார். லீசிங் தம்பிக்கு. குழுக்கடன் அம்மாவுக்கு. ஒன்லைன் லோன் அப்பாவுக்கு. சங்கிலி எதற்காகப் போனது என்று நீ சொல்லவில்லை, அதுவும் உனக்காக இருக்காது என்று நினைக்கிறேன். இனி ஓட்டோ மாமாவுக்கு. நீ எடுத்தது கார்ட் ஒன்றுதான். அதிலும் பாதி வீட்டுக்குத்தான் போயிருக்கும்.

பெற்றவர்களுக்குச் செய்வதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிணை என்பது உதவி இல்லை, அதுவும் கடன்தான். காசு கைக்கு வராத கடன்.

பிளேன்டீ

ஐயா சொன்னது சரி. ஆனால் ஊருக்குள் அந்த மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தீபாவளிக்குப் போனால் இஸ்தோப்பில், அதாவது வாசல் விறாந்தையில், உட்கார்ந்து "கொழும்புக்காரர் வந்துட்டார்" என்று ஆரம்பிப்பார். கையெழுத்துப் போடாதே என்று இங்கே சொல்வது லேசு.

மேல்கொத்மலை

அதேதான். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது இரவு முழுக்கப் பக்கத்தில் இருந்தவர் மாமாதான். கணக்குப் புத்தகத்தை நீட்டி முடியாது என்று சொல்லக்கூடிய ஆள் இல்லை.

ஐயா கேட்ட சங்கிலி, தங்கச்சியின் ஆசிரியர் கலாசாலைச் செலவுக்காக வைத்தது. அது அவளுடைய செலவு, அவளுடைய சங்கிலி. மீட்டுத் தருவேன் என்று நான் சொல்லியிருக்கிறேன்.

கணக்கப்பிள்ளை மகள்

இப்போது விரிவாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிணையில் இருந்தே தொடங்கலாம். கிரிப் என்று சொல்கிறோமே, கடன் தகவல் பணியகம், அங்கே உங்கள் சொந்தக் கடன் மட்டும் இல்லை, நீங்கள் பிணை நின்ற கடனும் உங்கள் பெயருக்குக் கீழே வரும். நாளைக்கு நீங்கள் ஒரு வீட்டுக் கடனுக்கு வந்தால் என் மேசையில் அந்த அறிக்கை இருக்கும். மாமா மூன்று மாதம் கட்டாமல் இருந்தால் அதுவும் தெரியும். இன்னொரு விஷயம், "கிரிப்பில் பேர் விழுந்துவிட்டது" என்று சனம் பயப்படுகிற மாதிரி அது கறுப்புப் பட்டியல் இல்லை. ஒழுங்காகக் கட்டுகிறவரின் பெயரும் அதில் இருக்கும், அது நல்லதற்குத்தான். உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்க்கலாம். நான் என்றால் முதலில் அதைச் செய்வேன். உங்களுக்குத் தெரியாமல் உங்கள் அடையாள அட்டைப் பிரதியில் யாராவது ஏதாவது எடுத்திருக்கிறார்களா என்றும் தெரிந்துவிடும்.

மாமாவுக்கு என்ன சொல்வது? உண்மையைத்தான். "மாமா, என் பேரில் ஏற்கெனவே ஒரு லீசிங் ஓடுகிறது, கார்ட் ஓடுகிறது, இன்னொன்றில் என் பேரைப் போட்டால் உங்கள் விண்ணப்பமே நிற்கலாம்." இது சாக்கு இல்லை. உங்கள் 112,775இல் கடனுக்கு மட்டும் போவது 17,500, 7,000, 7,800, 6,500 சேர்த்து 38,800. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே. எந்தக் கடன் அதிகாரியும் அதைப் பார்த்துத் தயங்குவார்.

உதவி செய்யத்தான் வேண்டும் என்றால், உயர்வு வந்த பிறகு முற்பணத்துக்கு ஒரு தொகையைக் கொடுங்கள். திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்கிற தொகையாக இருக்கட்டும். அதோடு அது முடிந்துவிடும். பிணை நாலைந்து வருடம் ஓடும்.

அடுத்தது கடன்களின் வரிசை. ஒன்லைன் லோனை ஹப்புத்தளைத் தம்பி சொன்ன மாதிரியே முடியுங்கள். அதற்கு அப்புறம் கார்ட். கார்ட் வட்டி வருடத்துக்கு 26 சதவீதத்தைச் சுற்றி என்று வைத்தால், 140,000க்கு மாத வட்டியே 3,000. நீங்கள் கட்டுகிற 7,000இல் 4,000தான் முதலைக் குறைக்கிறது. அதற்குள் திரும்ப ஒரு சாமான் வாங்கினால் அதுவும் இல்லை. கார்ட் கொடுத்த வங்கியிலேயே மீதியைத் தவணைத் திட்டமாக மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். வட்டி குறையும், முடிகிற திகதியும் தெரியும். மாற்றியபிறகு கார்டை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள், தலவாக்கலை வீட்டில்.

குழுக்கடனை அவசரப்பட்டு முன்கூட்டி அடைக்க வேண்டாம். காரணம் சொல்கிறேன். அது பெரும்பாலும் நேர்வட்டி. 100,000 எடுத்து 24 சதவீத நேர்வட்டியில் 12 மாதத்தில் கட்டினால் வட்டி 24,000, தவணை 10,333. 24 சதவீதம் என்றுதான் துண்டில் போட்டிருக்கும். ஆனால் நீங்கள் மாதா மாதம் முதலையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறீர்கள், வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு இலட்சத்துக்கே. குறைந்து வரும் மீதிக்கு வட்டி போட்டுப் பார்த்தால் அது 41 சதவீதத்துக்கும் மேலே. அந்த வட்டி முழுக்கத் தவணைக்குள் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருப்பதால், முன்கூட்டிக் கட்டினால் தள்ளுபடி தருவீர்களா என்று கேட்டு, எழுத்தில் தந்தால் மட்டும் கட்டுங்கள். இல்லாவிட்டால் தவணைப்படியே ஓடி முடியட்டும். அம்மா திரும்ப எடுக்காமல் இருப்பதுதான் முக்கியம்.

ராகலைக்காரி

அக்கா, அந்தக் கடைசி வரிதான் நடக்காது.

எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், குழுக்கடன் கூட்டம் நடக்கிறதை நான் பார்த்து வளர்ந்தவள். காலையில் கொழுந்துக்குப் போக முதல் ஒரு வீட்டு இஸ்தோப்பில் பாய் விரிச்சு உட்காருவாங்க. கம்பனி ஆள் ஹெல்மெட்டைப் பக்கத்தில் வச்சிட்டு கொப்பியைத் திறப்பார். ஒவ்வொருத்தரும் எழும்பிக் காசைக் கொடுத்து கையெழுத்து. ஒருத்தி வரவில்லை என்றால் மற்ற எல்லோரும் சேர்த்துக் கட்ட வேண்டும், கட்டும்வரை அவர் எழும்ப மாட்டார். பிரட்டுக்கு, அதுதான் காலையில் வேலைக்குப் பேர் பதிகிறதுக்கு, நேரமாகும், அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போய்விடும் என்கிற பயத்தில் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தவங்களும் இருக்காங்க. கடைசித் தவணை கட்டுகிற அன்றைக்கே அடுத்த லோன் படிவம் வரும், போன தடவையைவிடக் கூடின தொகைக்கு. "நல்லாக் கட்டினீங்க, இந்தமுறை ஒரு இலட்சம் தரலாம்" என்று சொல்லுவார். அந்த நேரத்தில் அம்மா வேண்டாம் என்று சொல்ல, வீட்டில் ஏதாவது காசு இருக்க வேணும். இல்லாவிட்டால் சொல்ல ஏலாது.

அதனால் தம்பி, அம்மாவிடம் "இனி எடுக்காதீங்க" என்று சொல்வதைவிட, கடைசித் தவணை முடிகிற வாரத்துக்கு முதல் அம்மாவின் பேரில் ஒரு பத்து பதினையாயிரம் போட்டு வைங்க. புத்தகம் அம்மா கையிலேயே இருக்கட்டும்.

ஹப்புத்தளைக் காற்று

இங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. 26 சதவீதத்தில் கடன் ஓடும்போது குறைந்த வட்டி தரும் சேமிப்பில் காசைப் போடுவது கணக்குக்குப் பிழை. ஒவ்வொரு ரூபாயையும் கார்டுக்குப் போடு, கார்ட் முடிந்தபிறகு சேமி. ஏதாவது அவசரம் வந்தால் கார்டில் இடம் இருக்கும்தானே?

கணக்கப்பிள்ளை மகள்

கணக்குக்குச் சரி தம்பி. வாழ்க்கைக்குச் சரிவராது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது பாதையும் ரயிலும் நின்று, தோட்டத்தில் வேலையும் இல்லாமல், கடைகளில் கையில் உள்ள காசுக்குத்தான் சாமான் தந்தார்கள். கரண்டும் சிக்னலும் இல்லாத இடத்தில் கார்டைத் தேய்க்க முடியுமா? நாள் சம்பளக் குடும்பத்தில் பேர் விழாத ஒவ்வொரு நாளும் வருமானம் இல்லாத நாள். அந்த வாரம் வட்டிக்காரரிடம் போகாமல் இருக்க ஒரு மாதச் செலவாவது தனியாக இருக்க வேண்டும். பதவி உயர்வின் முதல் மாதக் காசு அதற்குப் போகட்டும், இரண்டாம் மாதத்திலிருந்து கார்டுக்கு.

எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். தேசிய சேமிப்பு வங்கியில் உள்ள வைப்புக்கு அரசாங்கம் முழுப் பொறுப்பு. மற்ற வங்கிகளிலும் பதிவுபெற்ற நிதிக் கம்பனிகளிலும் ஒருவருக்கு ஓரிடத்தில் 11 இலட்சம் வரை வைப்புக் காப்புறுதி உண்டு. உங்கள் தொகைக்கு எதுவும் பாதுகாப்புதான். சம்பளம் விழுகிற கணக்கில் மட்டும் வைக்காதீர்கள், ஏடிஎம் கார்ட் இல்லாத கணக்காகத் திறவுங்கள்.

பிளேன்டீ

ஏடிஎம் கார்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் பக்கம் வட்டிக்காரர் ஒருவரிடம் ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் கொடுத்துக் கடன் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சம்பளம் விழுந்ததும் அவரே எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் கொடுப்பார். வங்கிக் கிளை ஒன்றே நடத்துகிறார் மனுசன், கட்டடம் மட்டும்தான் இல்லை.

ராகலைக்காரி

சீட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? நான் கட்டுநாயக்கவில் வேலை செய்த காலத்தில் என் சேமிப்பெல்லாம் சீட்டுத்தான். பத்துப் பேர், ஆளுக்குப் பத்தாயிரம்.

கணக்கப்பிள்ளை மகள்

குலுக்கல் சீட்டு, பிடிக்கிறவர் நம்பகமானவர், கடைசி மாதங்களில் எடுக்கிற ஆள் நீங்கள் என்றால் அது சேமிப்பு. கழிவுச் சீட்டில் இரண்டாம் மாதமே 12,000 தள்ளி 88,000க்கு எடுத்தால் அது கடன், சீட்டு என்ற பெயரில். சீட்டுப் பிடிக்கிறவர் ஊரை விட்டுப் போனால் காப்புறுதியும் இல்லை, கேட்க ஒரு அலுவலகமும் இல்லை. மேல்கொத்மலைத் தம்பி இப்போதைக்கு இதில் இறங்க வேண்டாம்.

ஹப்புத்தளைக் காற்று

அவசரத் தொகை விஷயத்தில் அக்கா சொன்னதை ஏற்கிறேன். எங்கள் வீட்டிலும் அந்த வாரம் அப்படித்தான் இருந்தது.

என் பக்கம் ஒரு வரிக் கேள்வி. நான் வீட்டில் இருந்து வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு இணையத்தளம் செய்து கொடுக்கிறேன். டொலர் நேரே வங்கிக்கு வருகிறது. நண்பர்கள் எல்லோரும் "அது ஏற்றுமதி, வரி இல்லை" என்கிறார்கள்.

கணக்கப்பிள்ளை மகள்

முன்பு இல்லை. 2025 ஏப்ரல் முதல் உண்டு. 18 இலட்சம் விலக்கு உங்களுக்கும் பொருந்தும். அதற்கு மேலே வருவதற்கு, வெளிநாட்டு நாணயமாக வங்கி வழியே கொண்டுவந்தால், எவ்வளவு கூடினாலும் 15 சதவீதத்துக்கு மேல் ஏறாது. உங்களுக்குக் கம்பனி வெட்டித் தராது என்பதால் நீங்களேதான் டின் நம்பர் (வரி செலுத்துபவருக்கான இலக்கம்) எடுத்து, ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15ஆம் திகதிக்குள் காலாண்டுத் தவணை கட்டி, நவம்பர் 30க்குள் அறிக்கை போட வேண்டும். வரி வருடம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. வருகிற ஒவ்வொரு தொகையிலும் ஒரு பங்கை வேறு கணக்குக்குத் தள்ளிவிடுங்கள், பிறகு கஷ்டப்படமாட்டீர்கள்.

ராகலைக்காரி

என் அப்பா போன வருடம் தோட்டத்தில் ஓய்வு. சேமலாப நிதி, கிரெச்சுட்டி (பணிக்கொடை) எல்லாம் சேர்த்து எட்டு இலட்சம் நிலையான வைப்பில் போட்டோம். வட்டியில் பத்தில் ஒன்றை வெட்டுறாங்க. அவருக்கு வேறு ஒரு சதம் வருமானம் இல்லை. இதுவும் கட்டத்தான் வேணுமா?

கணக்கப்பிள்ளை மகள்

வேண்டியதில்லை! வட்டிக்கு முற்கூட்டிய வரி 2025 ஏப்ரலில் 5இலிருந்து 10 சதவீதமானது. வருடத்துக்கு 18 இலட்சத்துக்குக் குறைந்த வருமானம் உள்ளவர் வங்கியில் சுய பிரகடனப் படிவம் கொடுத்தால் வெட்டமாட்டார்கள். எட்டு இலட்சத்துக்கு 8 சதவீதம் என்று வைத்தால் வட்டி 64,000, அதில் 6,400 வெட்டுப்படுகிறது. ஒரு வயதானவருக்கு அது மருந்துக் காசு. அப்பாவை டின் நம்பரோடும் அடையாள அட்டையோடும் கிளைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வரி வருடம் மாறும்போது படிவத்தைப் புதுப்பிக்க வேண்டுமா என்றும் அங்கேயே கேளுங்கள். ஏற்கெனவே வெட்டியதை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் மீளக் கேட்கலாம், கொஞ்சம் அலைய வேண்டும்.

எங்கள் கவுண்டருக்கு வரும் தோட்டத்து முதியவர்களில் இந்தப் படிவத்தைத் தாங்களாகக் கேட்பவர்களை நான் கண்டதே குறைவு. பிள்ளைகள்தான் கேட்டுக் கொடுக்க வேண்டும்.

பழைய தலைவர்

சேமலாப நிதி என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒன்று, செக்ரோல் என்கிற தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில் இன்னொன்று. ராமாயி, இராமாய், ராமாயம்மா மூன்றும் ஒரே மனுசி என்று நிரூபிக்க, அறுபது வயதில் சத்தியக் கடதாசி, கிராம சேவகர் கடிதம், தொழில் திணைக்களம் என்று அலைந்தவர்களோடு நான் போயிருக்கிறேன். பிள்ளைகளே, வேலையில் சேர்ந்த முதல் வருடமே உங்கள் பதிவில் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் சரியா என்று பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வரும் கணக்குக் கூற்றைக் கேட்டு வாங்குங்கள்.

கம்பனி சம்பளத்தில் வெட்டிவிட்டு நிதிக்குக் கட்டாமல் இருப்பதும் நடக்கிறது. அடுத்த மாதம் முடிவதற்குள் கட்ட வேண்டும். பிந்தினால் 5 சதவீதத்தில் தொடங்கி 50 வரை மேலதிகக் கட்டணம் அவர்கள் தலையில்தான். தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறையிடலாம்.

ராகலைக்காரி

பெண்பிள்ளைகளுக்கு ஒன்று. கல்யாணத்துக்காக வேலையை விட்டால் சேமலாப நிதியை எடுக்கலாம். நான் வேலை செய்த இடத்தில் எங்கள் லைனில் கிட்டத்தட்ட எல்லோரும் எடுத்தாங்க, மண்டபத்துக்கும் கூறைக்கும் போனது. சட்டம் விடுகிறது என்பதற்காக எடுக்க வேணும் என்று இல்லை. 2023க்கு 13 சதவீதமும் 2024க்கு 11 சதவீதமும் வட்டி விழுந்த கணக்கு அது. நான் எடுக்கவில்லை. மாமியார் வீட்டில் இரண்டு வருடம் அதைப் பற்றிப் பேச்சு இருந்தது, இருக்கட்டும்.

ஹப்புத்தளைக் காற்று

வீடு கட்ட எடுக்கலாம் என்று கேள்விப்பட்டேன்?

கணக்கப்பிள்ளை மகள்

பத்து வருடம் பங்களிப்பு, கணக்கில் குறைந்தது 300,000 இருந்தால் வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 சதவீதம்வரை எடுக்கலாம், உச்சம் 20 இலட்சம். லயத்தில் இருப்பவர்களுக்கு இதில் உள்ள சிக்கல் காணி உறுதி. காசு இருந்தும் காட்ட உறுதி இல்லை. அது தனி இழைக்கான விஷயம்.

மேல்கொத்மலை

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

மனிதவளப் பிரிவில் கேட்டேன். கொடுத்த கடிதத்தில் அடிப்படை 100,000, மிச்சம் 65,000 கொடுப்பனவு. அக்கா சொன்னதைச் சொல்லி 125,000 அடிப்படையாகக் கேட்டேன். இரண்டு நாள் இழுத்து ஒத்துக்கொண்டார்கள். 8 சதவீதம் 10,000, வரி 900, முத்திரை போக 154,075 கைக்கு வரும். முற்பணம் வாங்கி ஒன்லைன் லோனை முடித்துவிட்டேன். முடித்தபிறகும் "உங்களுக்கு 35,000 தயார்" என்று செய்தி வந்துகொண்டே இருக்கிறது.

மாமாவிடம் நேரே போய்ப் பேசினேன். போனில் சொல்லவில்லை. உயர்வு வந்து இரண்டாம் மாதம் முற்பணத்துக்கு 40,000 தருகிறேன், கையெழுத்து முடியாது என்றேன். அத்தை தேத்தண்ணி கொடுத்தார், மாமா எதுவும் சொல்லவில்லை. பிறகு அப்பாவிடம் "பொடியன் கணக்கு நல்லாப் படிச்சிருக்கான்" என்று சொன்னாராம். அது பாராட்டா குத்தலா என்று அப்பாவுக்கும் தெரியவில்லை.

இரண்டு கேள்வி மிச்சம். சங்கிலியின் அடகுத் தவணை ஓகஸ்டில் முடிகிறது, அதற்குள் முழுக்க மீட்க முடியாது. தங்கம் விலை ஏறியிருப்பதால் அதே சங்கிலிக்குக் கூடின தொகை தரலாம், மேலதிகத்தை எடுத்துக் கார்டை அடையுங்கள் என்று அடகுக் கவுண்டரில் சொல்கிறார்கள். மற்றது, தம்பியின் மோட்டார் சைக்கிள் லீசிங்கை அவன் பெயருக்கு மாற்ற முடியுமா? அவனுக்கு இப்போது தலவாக்கலையில் ஒரு கடையில் வேலை.

கணக்கப்பிள்ளை மகள்

சங்கிலிக்கு மேலதிகத் தொகை எடுக்காதீர்கள். கார்டை அடைப்பதற்காகத் தங்கச்சியின் பொருளில் கடனைக் கூட்டுவது சரியில்லை. தங்கம் விலை இறங்கினால் ஏலம் போவது அவளுடைய சங்கிலி. ஓகஸ்டுக்கு முன்பே வட்டியையும் வாங்கிய தொகையில் ஒரு பகுதியையும் கட்டிப் புதுப்பியுங்கள். பகுதி பகுதியாகக் கட்ட விடுவார்கள். அடகுத் துண்டைத் தங்கச்சியிடமே கொடுத்து வையுங்கள், திகதியை அவளும் பார்த்துக்கொள்வாள்.

லீசிங்கை மாற்றுவது கம்பனியின் விருப்பம். தம்பியின் வருமானத்தைப் பார்த்துப் புது ஒப்பந்தம் போடுவார்கள், செலவும் வரும், பிணைக்கு உங்களையே கேட்பார்கள். தவணை எத்தனை மிச்சம் என்று பாருங்கள். ஒரு வருடத்துக்குக் கிட்ட என்றால் அப்படியே விட்டுவிட்டு, தவணையில் பாதியை அவன் மாதா மாதம் உங்கள் கணக்குக்குப் போடட்டும்.

பிளேன்டீ

தம்பி பாதி போடுவானா?

மேல்கொத்மலை

14 தவணை மிச்சம். இந்த மாதம் 5,000 போட்டிருக்கிறான், பாக்கியை 10ஆம் திகதி சம்பளம் வந்ததும் போடுவதாகச் சொல்கிறான்.